மக்காச்சோளத்தின் நாட்டு ரகங்களையும் காட்டு உறவினங்களையும் விதை வங்கியில் காக்கும் முறை

பாரம்பரிய நெல் ரகங்களைச் சேகரித்துப் பழகியவர்கள் மக்காச்சோளத்துக்கு வரும்போது முதலில் ஒரு பழக்கத்தைக் கைவிட வேண்டியிருக்கும். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும் பயிர் என்பதால், ஒரு கைப்பிடி நல்ல விதை கிடைத்தால் அந்த ரகம் ஏறக்குறைய முழுமையாகக் கைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். மக்காச்சோளம் காற்றில் பறந்துவரும் மகரந்தத்தை நம்பி வாழும் பயிர். ஒரே கதிரில் உள்ள மணிகளுக்குத் தாய்ச்செடி ஒன்றாக இருந்தாலும் தந்தைச்செடிகள் பலவாக இருக்கும். ஆகவே இங்கே ரகம் என்பது தனிச்செடியும் அன்று, தனிக்கதிரும் அன்று. ஒரு வயலில் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள் கலந்துவரும் செடிகளின் கூட்டமே ரகம். விதை வங்கியில் காக்கவேண்டியது அந்தக் கூட்டத்தைத்தான். சேகரிப்பில் தொடங்கிப் புதுப்பிப்பு வரை கீழே சொல்லப்படும் எல்லா விதிகளும் இந்த ஓர் உண்மையிலிருந்து வருபவை.

இந்த வழிகாட்டி மெக்சிக்கோவை முன்வைத்து எழுதப்படுகிறது. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டின் தென்மேற்கில் உள்ள பால்சாஸ் ஆற்றுப்படுகையில், பார்விக்ளூமிஸ் என்னும் தியோசிந்தேப் புல்லிலிருந்து மக்காச்சோளம் பயிராக்கப்பட்டது. தியோசிந்தே என்பது மக்காச்சோளத்தின் காட்டு உறவினப் புற்களுக்கான பொதுப்பெயர். மெக்சிக்கோவில் அறுபதை ஒட்டிய எண்ணிக்கையில் இன்று ரகக் குழுக்கள் கணக்கிடப்படுகின்றன. நயாரித் மாநிலத்தின் ஹாலா பள்ளத்தாக்கில் விளையும் பெருங்கதிர் ரகம், யுகத்தானின் குறுகிய காலப் பயிரான நல்-தெல், தொலூக்கா மேட்டுநிலத்தின் பொரிச்சோளமான பலோமெரோ என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றுபவை எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். இவற்றை முறையாகச் சேகரிக்கும் பணி 1943-இல் ராக்கஃபெல்லர் அறக்கட்டளையும் மெக்சிக்கோ அரசும் இணைந்து தொடங்கிய திட்டத்தில் வேர்கொண்டது. அந்தச் சேகரிப்பின் வாரிசாக, தெஸ்கோகோ அருகே எல் பத்தானில் இருக்கும் பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை மேம்பாட்டு மையம் ஏறத்தாழ 28,000 மக்காச்சோள மாதிரிகளைப் பாதுகாத்து வருகிறது. இந்த மையத்தின் பெயர்ச் சுருக்கம் சிம்மிட்.

வங்கி எதற்கு, விவசாயிகளே காப்பாற்றிக்கொள்ள மாட்டார்களா என்ற கேள்வி நியாயமானது. மெக்சிக்கோவின் மொரேலோஸ் மாநிலத்தில் 1966-67 ஆண்டுகளில் 66 குடும்பங்களிடமிருந்து 93 மாதிரிகள் சேகரிக்கப்பட்டன. ஐம்பது ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அதே குடும்பங்களைத் தேடிச் சென்றபோது, 13 குடும்பங்கள் மட்டுமே அந்தப் பழைய விதையின் தொடர்ச்சியை விதைத்துக்கொண்டிருந்தன. மற்றவர்களின் விதை வங்கியில் மட்டும் இருந்தது. இதை வங்கியின் வெற்றியாக மட்டும் படித்துவிடக் கூடாது. அந்தப் 13 குடும்பங்களின் வயலில் விதை ஐம்பது பருவங்களின் வறட்சியையும் பூச்சியையும் கண்டு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. வங்கியில் இருந்தது 1967-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. இரண்டுமே வேண்டும் என்பதே என் நிலை.

சேகரிக்கும் முன்பும் சேகரிக்கும்போதும்

பயணத்துக்கு முன் அனுமதியைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உணவு, வேளாண்மைக்கான தாவர மரபு வளங்கள் குறித்த பன்னாட்டு ஒப்பந்தம் 2004-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பொதுப் பட்டியலில் மக்காச்சோளம் இருக்கிறது. ஆனால் அதன் உறவினங்களுள் பெரென்னிஸ், டிப்ளோபெரென்னிஸ், லக்ஸூரியன்ஸ் ஆகிய மூன்றும் பெயர் சொல்லி விலக்கப்பட்டுள்ளன. காட்டு உறவினங்களும் அதே ஒப்பந்தத்தின்கீழ் தாமாக வந்துவிடும் என்று எண்ணிப் புறப்படுபவர் பாதியில் நிற்க நேரிடும். அந்த மூன்றுக்கும் நாட்டுச் சட்டப்படியும், மரபு வளங்களைப் பெறுவதையும் அவற்றின் பயனைப் பகிர்வதையும் பற்றி 2014 முதல் நடப்பில் உள்ள நகோயா நெறிமுறைப்படியும் தனி அனுமதி தேவைப்படும். அரசின் அனுமதிக்கு மேலாக ஊரின் ஒப்புதல் வேண்டும். பழங்குடி ஊர்களில் முடிவெடுப்பது ஊர்ச்சபை என்பதால், விதை எங்கே போகும், யாருக்குக் கொடுக்கப்படும், அவர்கள் திரும்பக் கேட்டால் கிடைக்குமா என்பவற்றை அவர்கள் மொழியிலேயே சபையில் விளக்கி, எழுத்தில் கொடுக்க வேண்டும்.

விவசாயியின் வீட்டில் எத்தனை கதிர் வாங்குவது என்பதை ஒரு சிறு கணக்கே சொல்லிவிடும். ஒரு ரகத்தில் ஒரு மரபணு வடிவம் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் மட்டும் இருப்பதாகக் கொள்வோம். பத்துச் செடிகளின் மரபை மட்டும் எடுத்தால் அந்த வடிவம் முற்றிலும் தவறிப்போகும் வாய்ப்பு 36 விழுக்காடு. முப்பது செடிகளுக்கு அது 5 விழுக்காட்டுக்குக் கீழே வந்துவிடும். நூறு செடிகளில் ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். ஒரு வடிவத்துக்கு மட்டுமான கணக்கு இது. காக்கவேண்டியவை ஆயிரக்கணக்கில் இருப்பதால் வயலில் ஐம்பதிலிருந்து நூறு கதிர்களைக் குறிவைப்பது நல்லது. வீட்டுக் களஞ்சியத்தில் இருந்து எடுப்பதானால் விவசாயி விதைக்கென்று எடுத்துவைத்த கதிர்களிலிருந்தும், மற்ற கதிர்களிலிருந்தும் தனித்தனியாகப் பெற்று, இரண்டையும் இரு பைகளாகவே வைத்திருக்க வேண்டும். பெரிய கதிர்களை மட்டும் பொறுக்குவது சேகரிப்பவர் தம்மையறியாமல் செய்யும் பெரும் தவறு. அந்த வேலை விவசாயிக்கும் பயிர்ப் பெருக்க அறிஞருக்கும் உரியது. வங்கிக்காரர் குட்டையும் வளைவும் சொத்தையும் கலந்த கூட்டத்தை உள்ளபடி எடுத்துவர வேண்டியவர்.

விதையுடன் வரவேண்டிய குறிப்புகளில் பலரும் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். ஊர், கடல்மட்டத்திலிருந்து உயரம், அகலாங்கு, நெட்டாங்கு, தேதி ஆகியவை அடிப்படை. ஆனால் பின்னாளில் விதையைத் தேடி வருபவருக்குப் பயன்படுவது வேறு: ரகத்தை அவர்கள் என்ன பெயரால் அழைக்கிறார்கள், எத்தனை தலைமுறையாக வைத்திருக்கிறார்கள், வெளியிலிருந்து விதை கலந்ததா, எந்தத் தின்பண்டத்துக்கு ஆகும், மில்பா என்னும் கலப்புப் பயிர் வயலில் அவரையோடும் பூசணியோடும் சேர்த்து விதைக்கிறார்களா, உரம் போடுகிறார்களா, வீட்டில் விதைக்கதிரைத் தேர்ந்தெடுப்பவர் யார். ஓஹாகா மாநிலத்தின் மிஹே மலைப்பகுதியில் விளையும் ஒலொத்தோன் வகை மக்காச்சோளத்தைப் பார்க்கலாம். அதன் தண்டிலிருந்து நிலத்துக்கு மேலேயே கிளம்பும் விழுதுபோன்ற வேர்கள் கூழ் போன்ற திரவத்தைக் கசிய விடுகின்றன. அதில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன. செடியின் நைட்ரஜனில் 29 முதல் 82 விழுக்காடு வரை இப்படிக் காற்றிலிருந்து வருகிறது என்று 2018-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. குளிர் அறையில் கிடக்கும் ஒரு கைப்பிடி மணியைப் பார்த்து இதை யாரும் ஊகித்திருக்க முடியாது. சத்துக் குறைந்த நிலத்தில், உரமில்லாமல் விளைகிறது என்ற ஒரு வரிக் குறிப்புதான் இத்தகைய தேடலுக்கு வழிவிடும்.

ஒவ்வொரு மாதிரியிலிருந்தும் பத்துப் பதினைந்து கதிர்களை அளவுகோலுடன் வரிசையாக வைத்து, மணி உதிர்க்கும் முன் படமெடுத்துவிட வேண்டும். உதிர்த்துவிட்டால் வரிசை எண்ணிக்கையும் கதிரின் வடிவமும் திரும்பக் கிடைக்காது.

தியோசிந்தே: உதிரும் விதையைப் பிடித்தல்

காட்டு உறவினங்களைச் சேகரிக்கும் முறையே வேறு. தியோசிந்தேயின் கதிர் விரல் அளவுதான்; இரண்டு வரிசையில் ஐந்து முதல் பன்னிரண்டு விதை வரை இருக்கும். ஒவ்வொரு விதையும் கல்போன்ற ஓட்டுக்குள் அடைபட்டது. முற்றியதும் அது தானாகவே கணுக்கணுவாக உடைந்து உதிர்ந்துவிடும். மழை ஓய்ந்தபின், மெக்சிக்கோவில் பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் மாதங்களில், உதிரத் தொடங்கும் தருணத்தில் அங்கே இருக்க வேண்டும். இரு வாரம் தாமதித்தால் தரையில் பொறுக்குவதைத் தவிர வழியில்லை. தரையில் கிடப்பது எந்தச் செடியுடையது, எந்த ஆண்டினுடையது என்பது தெரியாது. முன்கூட்டியே கதிர்களின்மேல் வலைத்துணிப் பை கட்டிவைப்பது சிறந்த வழி.

ஐம்பது செடிகளுக்குக் குறையாமல், ஒன்றுக்கொன்று சில மீட்டர் இடைவெளி விட்டு எடுக்க வேண்டும். அன்று கிடைக்கும் முற்றிய விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமலிருப்பது சேகரிப்பாளர்களிடையே வழங்கும் நெறி. சிறு கூட்டமாக எஞ்சியிருக்கும் இனங்களுக்கு இந்த நெறி கட்டாயம். நிகராகுவாவின் பசிபிக் கரைச் சமவெளியில் மட்டும் வளரும் நிகராகுவென்சிஸ் அத்தகையது. தேங்கிய நீரில் நின்று தாக்குப்பிடிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. எடுத்த இடத்திலேயே இருபது விதைகளை வெட்டிப் பார்ப்பது நல்லது. ஓடு பளபளப்பாக இருந்தாலும் உள்ளே பருப்பில்லாமல் இருப்பது வழக்கம். வெற்று ஓடுகளை மூட்டை கட்டி எடுத்துவந்து பத்திரமாகக் குளிரூட்டுவதில் பொருளில்லை.

மக்காச்சோள வயலின் ஓரத்திலோ உள்ளேயோ தியோசிந்தே நின்றால், கலப்புச் செடிகள் இருக்கின்றனவா என்று பார்த்து அதையும் எழுத வேண்டும். மெக்சிக்கோ நகருக்குத் தென்கிழக்கே சால்கோ பகுதியில் மெக்சிக்கானா வகை தியோசிந்தே மக்காச்சோளத்தைப் போலவே சிவந்த, மயிரடர்ந்த இலையுறையுடன் வளர்ந்து களையெடுப்பவர் கண்ணையே ஏமாற்றும். கலப்பு நடப்பது இயல்பே. மேட்டுநில மக்காச்சோளத்தில் மெக்சிக்கானாவின் மரபு கலந்திருப்பது ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. அதைக் குறையாக ஒதுக்காமல், குறிப்பில் சொல்லிவிட்டால் போதும்.

உலர்த்துதல்

விதையின் ஆயுளை முடிவு செய்வது குளிரைவிட முதலில் ஈரம்தான். விதையியல் அறிஞர் ஹாரிங்டன் வகுத்த கைவிதிப்படி, விதையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறையும்தோறும் ஆயுள் இரட்டிக்கும். வெப்பநிலை ஏறத்தாழ 5 பாகை குறையும்தோறும் இன்னொரு மடங்கு இரட்டிக்கும். 12 விழுக்காடு ஈரத்துடன் 25 பாகை செல்சியஸில் கிடக்கும் விதையை 7 விழுக்காட்டுக்கு உலர்த்தி 5 பாகையில் வைத்தால், ஈரத்தால் 32 மடங்கு, குளிரால் 16 மடங்கு, மொத்தம் ஐந்நூறு மடங்குக்கு மேல் என்று கணக்கு வருகிறது. தோராயமான விதிதான், மிகக் குறைந்த ஈரத்திலும் உறைநிலைக்குக் கீழும் அப்படியே பொருந்தாது. இருந்தாலும், கையில் உள்ள பணத்தை உலர்த்தியில் போடுவதா குளிர்சாதனத்தில் போடுவதா என்று தயங்கும் சிறு வங்கிக்கு இது தெளிவான விடை தருகிறது: முதலில் உலர்த்தி.

அறுத்த கதிர்களை மேலுறை நீக்கி, நிழலில், காற்றோட்டத்தில் பரப்பி, மணி எளிதாக உதிரும் நிலை வரும் வரை வைக்க வேண்டும். வெயிலில் சிமெண்டுத் தளத்தில் காயவைப்பது உணவுக்குச் சரி, வங்கி விதைக்குக் கூடாது. மணியின் கரு வெந்துவிடும். உதிர்த்தபின் உலர்த்தும் அறைக்குப் போகட்டும். உலக உணவு, வேளாண்மை நிறுவனம் 2014-இல் வெளியிட்ட மரபு வங்கித் தரநிலைகள், 5 முதல் 20 பாகை வெப்பத்திலும் 10 முதல் 25 விழுக்காடு காற்று ஈரப்பதத்திலும் உலர்த்தச் சொல்கின்றன. அந்த அறையில் சில வாரங்கள் இருந்தால் மணி 6 முதல் 8 விழுக்காட்டு ஈரத்துக்கு வந்துவிடும். இத்தகைய அறை இல்லாதவர்கள் காற்றுப்புகாத டப்பாவில் விதையின் எடைக்குச் சமமான சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டி உடன் வைத்து, நிறம் மாறும்போதெல்லாம் சூடாக்கி உலர்த்திய ஜெல்லை மாற்றிவரலாம்.

ஈரத்தை அளக்கச் சரியான முறை, அரைத்த மாவை 130 பாகையில் நான்கு மணி நேரம் சூடாக்கி எடை இழப்பைப் பார்ப்பது. ஊர் அளவில் நடத்தும் விதை இருப்புக்கு உப்புச் சோதனை உதவும். நன்கு காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் மணியும் உலர்ந்த தூள் உப்பும் போட்டு மூடி, குலுக்கி, சிறிது நேரம் விட்டுப் பார்த்தால், உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது என்று பொருள். உப்பு ஒட்டாதது உறைகுளிருக்குத் தயாரானதற்குச் சான்று அன்று. அடுத்த கட்ட உலர்த்தலுக்குத் தகுதி என்பது மட்டுமே.

அடைத்தல், குளிரூட்டல், இரட்டைப் பிரதி

உலர்ந்த விதையை அலுமினியத் தாள் பைகளில் அடைத்து, சூடுவைத்து மூட வேண்டும். பைக்கு உள்ளேயும் வெளியேயும் பதிவெண் எழுதிய சீட்டு இருக்கட்டும். வண்டு முட்டைகள் ஒளிந்திருக்கக்கூடும் என்று அஞ்சுவோர், நன்கு உலர்ந்த விதையை ஒரு வாரம் உறைகுளிரில் வைத்தால் அவை சாகும். ஈரமான விதையை அப்படிச் செய்தால் விதையே சாகும்.

வங்கிகள் சேகரிப்பை இரண்டாகப் பிரித்துவைக்கின்றன. அன்றாடம் கேட்பவர்களுக்குக் கொடுக்கும் செயல் தொகுதி உறைநிலையை ஒட்டிய குளிரில் இருக்கும். சிம்மிட்டில் அது மைனஸ் 3 பாகை. நீண்ட காலத்துக்கான அடிப்படைத் தொகுதி மைனஸ் 18 பாகையில் இருக்கும். புதுப்பிக்கவும் அவசரத்துக்கும் தவிர அதைத் தொடுவதில்லை. எந்தப் பையையும் குளிரிலிருந்து எடுத்தவுடன் திறக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும் வரை மூடியே வைக்காவிட்டால், காற்றின் ஈரம் விதைமேல் வியர்த்துப் படிந்து, மாதக்கணக்கில் உலர்த்தியது ஒரு மணி நேரத்தில் வீணாகும்.

மூன்றாவதாக வேறு நாட்டில் ஒரு பிரதி வேண்டும். பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் உள்ள தேசிய மரபு வங்கி 2006-இல் புயல் வெள்ளத்திலும் 2012-இல் தீயிலும் சிக்கியது. ஒரே கட்டடத்தை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. சிம்மிட் தன் பிரதிகளை அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸ் சேமிப்பகத்திலும், 2008-இல் திறக்கப்பட்ட நார்வேயின் ஸ்வால்பார்ட் விதைப் பெட்டகத்திலும் வைத்திருக்கிறது. ஸ்வால்பார்டில் பெட்டியை வைத்தவரைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாது. உரிமை கைமாறுவதில்லை என்பதை ஊர்ச்சபைக்கு விளக்கும்போது சொல்லலாம்.

முளைப்புத்திறன் சோதனை

உள்ளே வைக்கும்போதே முதல் சோதனையைச் செய்து, 85 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். ஐம்பது ஐம்பதாக நான்கு தொகுதி, ஈரத்தாளில் அல்லது மணலில், 25 பாகையில் வைத்து நான்காம் நாளும் ஏழாம் நாளும் எண்ணுவது மக்காச்சோளத்துக்கான வழக்கம். மிக உலர்ந்த மணியை நேரே நீரில் போட்டால் திடீரென நீர் உறிஞ்சிக் கருத் திசு கிழிந்துவிடும் என்பதால், ஓரிரவு ஈரக் காற்றில் வைத்துப் பதப்படுத்திய பின்னரே சோதிக்க வேண்டும். இதைச் செய்யாமல் விதை செத்துவிட்டது என்று முடிவுகட்டிப் பையைத் தூக்கிப் போடுவது நடக்கக்கூடியதே. அதன்பின் பத்தாண்டுக்கு ஒருமுறை சோதித்து, முதல் அளவில் 85 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் புதுப்பிக்க வேண்டும். தொடக்கத்தில் 96 முளைத்ததென்றால் ஏறத்தாழ 82-இல் எச்சரிக்கை மணி அடிக்கும்.

தியோசிந்தேயின் ஓட்டுக்குள் உறக்க நிலையும் உண்டு. ஓட்டை நகவெட்டியால் கவனமாக உடைத்துப் பருப்பை எடுத்தோ, நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடில் ஓரிரவு ஊறவைத்தோ சோதிக்காவிட்டால், உறங்கும் விதையும் செத்த விதையாகவே பதிவாகும்.

புதுப்பித்தல்: இழப்பு நடக்கும் இடம்

குளிர் அறை பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், புகைப்படமும் எடுக்கிறார்கள். ஆனால் மக்காச்சோள வங்கியில் மரபு கைநழுவுவது பெரும்பாலும் விதையைப் பெருக்க வயலில் இறக்கும் அந்த ஒரு பருவத்தில்தான். ஒரு தலைமுறையில் பத்துச் செடிகளை மட்டும் பெற்றோராக்கினால் உட்கலப்பு, அதாவது நெருங்கிய உறவுச் செடிகளுக்குள்ளேயே நடக்கும் கலப்பு, 5 விழுக்காடு ஏறும். நூறு செடிகளானால் அரை விழுக்காடுதான். ஆகவே ஒவ்வொரு மாதிரியிலிருந்தும் குறைந்தது நூறு நல்ல கதிர்களை அறுவடை செய்வது என்பது மக்காச்சோள வங்கிகள் ஏற்றுக்கொண்ட விதி. வெள்ளம், பறவை, சாய்ந்த தண்டு, பூக்காத செடி எல்லாவற்றையும் கணக்கில் கொண்டு இருநூற்றைம்பது செடிகளாவது நிற்கும்படி விதைத்தால்தான் நூறு தேறும்.

முதலில் ரகத்துக்கு ஏற்ற உயரத்தில் இடம் தேட வேண்டும். சிம்மிட் மேட்டுநில ரகங்களைக் கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேல் உள்ள எல் பத்தானிலும், இடைநிலை வெப்ப ரகங்களை மொரேலோஸின் த்லால்திசாப்பானிலும், தாழ்நில ரகங்களை அகுவா ஃபிரியாவிலும் பெருக்குகிறது. தொலூக்காவின் பலோமெரோவைத் தாழ்நிலத்தில் விதைத்தால் செடி நிற்கும்; ஆனால் வெப்பம் தாங்கிய சில செடிகளே மணி பிடிக்கும், அவற்றின் பிள்ளைகளே ரகத்தின் பெயரை ஏற்கும். ஆண்டீஸ் மலை ரகங்களை மெக்சிக்கோவில் பெருக்குவது கடினம் என்பதால், அந்தந்த நாட்டு வங்கிகளோடு சேர்ந்து அங்கேயே பெருக்குவதுதான் முறை.

அடுத்தது மகரந்தக் கட்டுப்பாடு. வேறு மக்காச்சோளத்திலிருந்து 200 மீட்டர் விலகிய வயல் விதைப் பெருக்கத்துக்கு வழக்கமான அளவு. ஆனால் ஒரே பருவத்தில் நூற்றுக்கணக்கான மாதிரிகளைப் பெருக்கும் வங்கிக்கு அவ்வளவு நிலம் இராது. கை மகரந்தச் சேர்க்கைதான் வழி. மகரந்தத்தை ஏற்கும் பட்டிழை கதிரின் நுனியில் வெளிவரும் முன்பே ஒவ்வொரு இளங்கதிரையும் சிறு மெழுகுத்தாள் பையால் மூடிவிட வேண்டும். சேர்க்கைக்கு முந்தைய நாள் கதிரின் நுனியை வெட்டிவிட்டு மீண்டும் மூடினால், மறுநாள் காலையில் பட்டிழைகள் ஒரே உயரத்தில் தூரிகைபோல் எழுந்து நிற்கும். நுனியை வெட்டிய நாளின் மாலையிலேயே ஆண்பூங்கொத்தைத் தடித்த காகிதப் பையால் மூடி, அடியில் இறுகக் கட்டவேண்டும். வெளியிலிருந்து வந்து படிந்த மகரந்தம் இரவுக்குள் செத்துவிடும். காலைப் பனி உலர்ந்தபின் பையைச் சாய்த்துத் தட்டி மகரந்தத்தைச் சேகரித்து, வேறொரு செடியின் பட்டிழையில் தூவி, அந்தப் பையையே கதிரின்மேல் கவிழ்த்துப் பின்னடித்து, அறுவடை வரை விட்டுவிட வேண்டும்.

எந்தச் செடியின் மகரந்தம் எந்தச் செடிக்கு என்பதுதான் இதில் நுட்பமான கேள்வி. தன் மகரந்தத்தைத் தனக்கே தூவக் கூடாது. மக்காச்சோளம் உட்கலப்பில் விரைவாக நலிந்துவிடும். நான் பரிந்துரைப்பது சங்கிலி முறை: முதல் செடியின் மகரந்தம் இரண்டாவதற்கு, இரண்டாவதினுடையது மூன்றாவதற்கு என்று கடைசிச் செடி வரை, கடைசியினுடையது மீண்டும் முதலாவதற்கு. ஒவ்வொரு செடியும் ஒருமுறை தாயாகவும் ஒருமுறை தந்தையாகவும் ஆவதால் எல்லோருக்கும் சம பங்கு கிடைக்கும். நூறு செடிகள் மரபளவில் ஏறத்தாழ இருநூறு செடிகளின் வேலையைச் செய்யும். பலரின் மகரந்தத்தைக் கலந்து தூவுவது விரைவானது. ஆனால் மகரந்தம் அதிகம் உதிர்க்கும் சில செடிகளே அந்தக் கலவையில் ஆதிக்கம் செலுத்தும்.

முன்பூப்பவையும் பின்பூப்பவையும் விடுபட்டுப் போவது இன்னோர் ஆபத்து. வேலையாட்கள் எண்ணிக்கை குறையும்போது உச்ச நாட்களில் மட்டும் மகரந்தச் சேர்க்கை செய்துவிட்டு ஓய்வது இயல்பு. அப்படிச் செய்தால் அந்த ரகத்தில் குறுகிய காலத்துக்கும் நீண்ட காலத்துக்கும் இருந்த வேறுபாடு ஒரே பருவத்தில் மறையும். மழை முந்திய ஆண்டிலும் பிந்திய ஆண்டிலும் விவசாயியைக் காப்பாற்றியது அந்த வேறுபாடுதான். பத்து நாள் இடைவெளியில் இரு முறை விதைத்தால் முந்தியதும் பிந்தியதும் ஒன்றையொன்று சந்திக்கும்.

அறுவடையில் ஒவ்வொரு கதிரிலிருந்தும் சம எண்ணிக்கையில், நாற்பது என்று வைத்துக்கொண்டால், நூறு கதிருக்கு 4,000 மணிகள் எடுத்துக் கலந்து அடிப்படைத் தொகுதிக்கும் வெளிநாட்டுப் பிரதிக்கும் வைக்க வேண்டும், எஞ்சியது வழங்கலுக்கு. நிறம் ஒத்துவராத கதிர், குட்டைக் கதிர் என்று ஒதுக்கத் தோன்றும் கைகளை அடக்க வேண்டும். சேகரிப்புக் காலத்துப் படத்தோடு ஒப்பிட்டு, அதில் இல்லாத வடிவம் திடீரென நிறையத் தோன்றினால் மட்டுமே கலப்பை ஐயுறலாம். பழைய விதையில் ஒரு பகுதியைச் செலவழிக்காமல் எப்போதும் வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

மரபணு மாற்றப் பயிரின் கலப்பையும் இந்தக் கட்டத்திலேயே சோதிக்க வேண்டும். ஓஹாகாவின் நாட்டு ரகங்களில் அத்தகைய மரபணு காணப்பட்டதாக 2001-இல் வெளியான ஆய்வு பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அதன் முறைகள் குறித்துக் கருத்து வேறுபாடு நிலவினாலும், வங்கிக்குப் புதிதாக வரும் மாதிரியைச் சோதித்த பின்னரே சேர்ப்பது என்ற எச்சரிக்கை அதிலிருந்து வலுப்பெற்றது.

காட்டு உறவினங்களைப் பெருக்குதல்

தியோசிந்தே பகல்பொழுது குறையும்போதுதான் பூக்கும். வடக்கு நாடுகளில் திறந்த வயலில் விதைத்தால் செழித்து வளர்ந்து, பூக்கும் முன் பனிக்குப் பலியாகும். கருந்துணிக் கூடாரத்தில் பகலைச் சுருக்கியோ, வெப்ப மண்டலத்துக்கு அனுப்பியோதான் விதை எடுக்க முடியும். எங்கு பெருக்கினாலும் மக்காச்சோளத்திலிருந்து விலகியே வைக்க வேண்டும். பார்விக்ளூமிஸும் மெக்சிக்கானாவும் அதனுடன் எளிதில் கலக்கும். உதிரும் விதை அடுத்த பருவத்தில் முளைத்து அந்நிலத்தையே களைக்காடாக்கும். ஸ்பெயினின் அரகோன் பகுதியில் தியோசிந்தே மக்காச்சோள வயல்களில் களையாகப் பரவித் தொல்லை கொடுத்திருக்கிறது. ஆகவே நிலத்தில் துணி விரித்து, கதிருக்குப் பை கட்டி, அந்த நிலத்தை அடுத்த இரண்டு ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும்.

ஹாலிஸ்கோ மாநிலத்தின் மனந்த்லான் மலைத்தொடரில் 1970-களின் இறுதியில் கண்டறியப்பட்ட டிப்ளோபெரென்னிஸ் பல்லாண்டு வாழும் இனம். மக்காச்சோளத்தைப் போலவே இருபது நிறப்புரிகள் உடையது. மக்காச்சோளத்தைத் தாக்கும் பல வைரஸ்களை எதிர்த்து நிற்கும். அதன் வாழிடம் 1987-இல் உயிர்க்கோளக் காப்பகமானது. வங்கியில் அதன் விதை இருந்தாலும், அந்த மலைச்சரிவில் கால்நடை மேய்ச்சலும் பயிரிடுதலும் எப்படி நடக்கின்றன என்பதே அந்த இனத்தின் எதிர்காலத்தை முடிவு செய்யும். ஆகவே வங்கிக்காரர் காப்பகக்காரருடன் தொடர்பில் இருக்க வேண்டும். சற்றுத் தொலைவு உறவான டிரிப்சாக்கம் புற்களில் பலவும் கலப்பின்றியே விதை தருபவை, விதையும் குறைவு. அவற்றைச் செடியாகவே காப்பது நல்லது. சிம்மிட் த்லால்திசாப்பானில் அவற்றுக்கென ஒரு தோட்டத்தை வைத்திருக்கிறது.

வழங்குதலும் திருப்பிக் கொடுத்தலும்

கேட்பவருக்கு ஒப்பந்தப் படிவத்துடன் சிறு பொட்டலம் அனுப்புவது வழக்கமான வேலை. விவசாயி கேட்கும்போது அந்த அளவு போதாது. ஐம்பது மணியை வைத்து விதைப்பவர் முதல் பருவத்திலேயே ரகத்தைக் குறுக்கிவிடுவார். ஊர் கேட்டால் ஆயிரத்துக்குக் குறையாமல், முடிந்தால் முன்பருவத்திலேயே பெருக்கி, கிலோக் கணக்கில் கொடுக்க வேண்டும். விதையோடு, அவர்கள் தாத்தா கொடுத்தபோது எழுதிய குறிப்பின் பிரதியும், சேகரிப்புக் காலத்துக் கதிர்ப் படமும் சேர்ந்து போகட்டும்.

குவாத்தமாலாவின் குச்சுமாட்டானெஸ் மலைப்பகுதியில் இயங்குவன போன்ற ஊர் விதை இருப்புகள், பிளாஸ்டிக் பீப்பாய்களிலும் ஜாடிகளிலும் ஒவ்வொரு குடும்பத்தின் விதையையும் பெயரிட்டு வைத்து, ஆண்டுதோறும் புது விதையால் மாற்றுகின்றன. உறைகுளிர் அவற்றுக்குத் தேவையில்லை. விளைச்சல் பொய்த்த அடுத்த மழைக்கு விதை தருவதே அவற்றின் வேலை. இத்தகைய இருப்பு உள்ள ஊரில், அதற்கு வந்துசேரும் விதையிலிருந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நூறு கதிர் பெற்று, பழைய மாதிரியின் பதிவெண்ணோடு ஆண்டைச் சேர்த்துத் தனி மாதிரியாகப் பதிய வேண்டும். பழையதன் இடத்தில் புதியதை வைத்துவிடக் கூடாது; இரண்டும் அடுத்தடுத்த அலமாரியில் இருந்தால்தான் இடைப்பட்ட ஆண்டுகளில் வயல் என்ன செய்தது என்பதை ஒருவர் விதைத்துப் பார்த்து அறிய முடியும்.